விசாரணை ஆணையத்துக்கு மகஜர் கொடுப்பது எப்படி: சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையிலிருந்து

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் காலையில் தே தாரிக் குடிக்கும் ஒட்டுக்கடையில் தினமும் ஏழு மணிக்கு ஓர் அரச விசாரணை ஆணையம் கூடுகிறது. எந்தப் பையனை எந்த ரோட்பிளாக்கில் பிடித்தார்கள், லாக்கப்பில் என்ன நடந்தது, யாருடைய கேஸ் நான்காவது தடவையாகத் தள்ளிப் போனது, அந்த வக்கீல் ஏன் போனை எடுப்பதில்லை, எல்லாம் விலாவாரியாக வரும். சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, இரண்டாவது கிளாஸ் காலியாவதற்குள் தீர்ப்பும் உண்டு. எழுதி வைக்கத்தான் ஆள் கிடையாது.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி செய்து எல்லாரும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை, யாருக்காவது கடிதம் எழுத வேண்டும் என்றால் வீடு தேடி வருவார்கள். அதனால் சட்டத்தையோ போலீஸையோ நீதிமன்றத்தையோ சீர்திருத்தப் போகிறோம் என்று அரசாங்கம் ஓர் ஆணையமோ குழுவோ வைக்கும்போது நம் ஊர் ஆட்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் கெடுத்த கதை. சில வருடங்களுக்கு முன் ஈப்போவில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை, தப்பு பெரும்பாலும் எங்களுடையது. வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம். பதினான்கு பக்க மகஜர், அதாவது கோரிக்கை மனு, இருநூறு கையெழுத்து. கோயில் நிலம், சாக்கடை, தமிழ்ப்பள்ளி வேலி, குடிதண்ணீர், எல்லாம் முடிந்து பதினோராம் பக்கத்தில்தான் எங்கள் பையன் ஒருவன் காவலில் அடிபட்ட விஷயம் வருகிறது. அந்தக் குழுவை அமைத்ததே அந்த மாதிரி விஷயத்துக்காகத்தான். பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எங்களில் மூத்தவரை அனுப்பினோம், அவர் "எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தாரு" என்று ஆரம்பித்தார். மணி அடித்தபோது கப்பல் இன்னும் பினாங்கைத் தொடவில்லை. மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் ஒரே வரியில் மலாயில் சொன்னார்: இவர்கள் குடும்பம் இந்த நாட்டில் நீண்ட காலமாக இருக்கிறதாம்.

பதினோராம் பக்கத்தை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நம்மைப் பற்றி விசாரித்த ஆணையங்களுக்குக் குறைச்சல் இல்லை. 1890-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளிலும் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) மலாய் மாநிலங்களிலும் தொழிலாளர் நிலைமை எப்படி என்று ஓர் ஆணையம் விசாரித்தது. 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பி வி.எஸ்.ஸ்ரீநிவாச சாஸ்திரி வந்தார், தோட்டங்களைப் பார்த்தார், கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று எழுதினார். 1938-ல் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதையே நிறுத்தியது. அந்தக் கோப்புகளில் துரைமார்களும் அதிகாரிகளும் சொன்னது நிறைய இருக்கும், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சொன்னது கொஞ்சமாகத்தான் இருக்கும். நம் ஆட்கள் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள், அது எனக்கு நிச்சயம்.

வந்திருப்பது எந்த வகை என்று பாருங்கள்

பேப்பரில் "விசாரணைக் குழு" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். ஆனால் உள்ளே வித்தியாசம் நிறைய.

அரச விசாரணை ஆணையம், அதாவது ஆர்.சி.ஐ., 1950-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் மாமன்னர் நியமிப்பது. சட்டம் 119 என்று எண்ணைச் சொன்னால் வக்கீல்களுக்குச் சட்டென்று புரியும். இதற்குப் பல் உண்டு. சாட்சிக்குச் சம்மன் அனுப்பலாம், ஆவணத்தைக் கொண்டு வா என்று கேட்கலாம், சத்தியம் வாங்கிப் பேச வைக்கலாம், கோர்ட்டில் செல்லாத சாட்சியத்தைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். நமக்கு முக்கியமான சங்கதி ஒன்று: அங்கே நீங்கள் சொன்னதை வைத்து உங்கள் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது, பொய் சாட்சி சொன்னால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் ஆணையத்தின் முடிவு தீர்ப்பு அல்ல. அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹாக் 2009-ல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்குப் போய் இறந்தபோது 2011-ல் அரச ஆணையம் அது தற்கொலை, கடுமையான விசாரணை அவரை அதற்குத் தள்ளியது என்றது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடையாளம் தெரியாத ஒருவரோ பலரோ அவருடைய மரணத்துக்குக் காரணம் என்றது. ஒரே சாவு, இரண்டு முடிவு. ஆணையம் சொல்லிவிட்டது, இனி தண்டனைதான் என்று ஒட்டுக்கடையில் யாராவது மேஜையைத் தட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சிறப்புக் குழு, பணிக்குழு, ஆய்வுக் குழு என்று வருபவை. அமைச்சரோ பிரதமரோ நியமிப்பார்கள். இந்தச் சட்டம் இவற்றுக்குப் பின்னால் இல்லாததால் சம்மன் அனுப்ப முடியாது, மேலே சொன்ன பாதுகாப்பும் உங்களுக்குக் கிடையாது. அதற்காக இவற்றை லேசாக எடைபோட வேண்டாம். கட்டாய மரண தண்டனைக்கு மாற்று என்ன என்று பார்க்க 2019-ல் முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமையில் வைத்தது வெறும் சிறப்புக் குழுதான். நடுவில் அரசாங்கமே மாறிப் போனது, இருந்தும் 2023 ஜூலை 4-ஆம் தேதி கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் அமலுக்கு வந்தது, 1000-க்கும் மேற்பட்ட கைதிகள் தங்கள் தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கூட்டரசு நீதிமன்றத்தில் கேட்க வழி பிறந்தது. போதைப்பொருள் கேஸில் பிள்ளையை உள்ளே விட்ட குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு, அவர்களுக்கு இது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், 2018-ல் முன்னாள் நீதிபதி கே.சி.வோரா தலைமையில் அரசு நிறுவனங்களைச் சீர்திருத்தும் குழு என்று ஒன்று உட்கார்ந்தது, வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசனும் அதில் இருந்தார். மக்களிடம் கருத்து வாங்கி அந்த ஜூலையிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அறிக்கையை அரசாங்கம் அப்போது மக்கள் கண்ணில் காட்டவில்லை.

மூன்றாவது சுஹாகாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மனித உரிமை ஆணையம், அது தானாகவே பொது விசாரணை நடத்தலாம், தனியாள் புகாரையும் வாங்கும். கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் கேஸையும் கோர்ட் முடித்துவிட்ட விஷயத்தையும் அது தொடாது, அதனால் கேஸ் போடுவதற்கு முன்பே போக வேண்டுமா என்று வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். காவலில் யாராவது இறந்து போனால் அது வேறு வழி: மரண விசாரணை நீதிமன்றம். குடும்பத்தின் சார்பில் வக்கீல் வைக்கலாம், அதற்குத் தாமதிக்கவே கூடாது.

"டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்"ஐப் படிக்காமல் பேனா எடுக்காதீர்கள்

ஒவ்வோர் ஆணையத்துக்கும் எதை விசாரிக்க வேண்டும் என்று நான்கைந்து வரியில் வேலைவரம்பு எழுதிக் கொடுத்திருப்பார்கள். மலாயில் தெர்மா ருஜுக்கான். கெஸட்டில் வரும், பேப்பரிலும் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வையுங்கள். உங்கள் கஷ்டம் அந்த வரிகளில் எந்த வரிக்குள் விழுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். எதிலும் விழவில்லையா, அந்த ஆணையத்தை விட்டுவிடுங்கள், அது உங்கள் ஆணையம் இல்லை. சாக்கடைக்கு ஊராட்சி மன்றம் இருக்கிறது. நாங்கள் அந்தப் பதினான்கு பக்கத்தில் முதல் பத்துப் பக்கத்தை வெட்டியிருந்தால் போதும், ஈப்போ போன வேன் காசு வீணாகியிருக்காது.

கடைசித் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நம் சங்கங்களில் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, தலைவர் கையெழுத்துக்கு இரண்டு வாரம் காத்திருப்பதற்குள் பல கதவுகள் சாத்திவிடும். தனியாளாகவே எழுதலாம். சங்கத்தின் லெட்டர்ஹெட் கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை.

மகஜர் எழுதும் விதம்

இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மகஜருக்கு ஒரு விஷயம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் யார், என்ன நடந்தது, எந்த விதி அல்லது வழக்கம் அதற்கு இடம் கொடுத்தது, அதை எப்படி மாற்றச் சொல்கிறீர்கள், இவ்வளவுதான். வழக்கமாக நம் ஆட்கள் கொண்டுவருவது இப்படி இருக்கும்:

"எங்கள் வட்டாரப் பிள்ளைகளைப் போலீசார் மதிப்பதே இல்லை. பெற்றோரை நாயாய் அலைய விடுகிறார்கள். ஏழை என்றால் இளக்காரமா? இதற்கு ஒரு விடிவு வேண்டும்."

இது பொய் இல்லை. ஆனால் இதை வாங்கிப் படிக்கும் செயலாளர் என்ன செய்வார்? "காவல்துறை மீது அதிருப்தி" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பார். அதையே, ஒரு கற்பனைக் கேஸை வைத்து, இப்படி எழுதிப் பாருங்கள்:

"2019 மே 14, செவ்வாய். என் மகன், வயது 19, இரவு 9.40-க்கு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது பிடிபட்டான். பையன் வரவில்லையே என்று நான் இரவு 12.15-க்கும் காலை 7 மணிக்கும் நிலையத்துக்கு போன் செய்தேன், அப்படி யாரும் இங்கே இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னார்கள். காலை 11 மணிக்கு அவனுடைய நண்பன் வந்து சொல்லித்தான் அவன் அங்கேயே இருப்பது எனக்குத் தெரியும். இரண்டு அழைப்புக்கும் போன் பதிவை இணைத்திருக்கிறேன். கைதானவரைக் குடும்பத்துக்கு போன் செய்ய விட்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவரும்படி கேட்கிறேன்."

கோபம் எங்கேயும் இல்லை, ஆனால் படிப்பவருக்குக் கோபம் வரும். கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். ஆணையத்தில் இருப்பவர்கள் கடைசியில் பரிந்துரை எழுதியாக வேண்டும், நீங்கள் அவர்கள் கையில் ஒரு பரிந்துரையைத் தயாராக வைக்கிறீர்கள். "நியாயம் வேண்டும்" என்பதை யாராலும் சட்டமாக எழுத முடியாது, "பதிவேட்டில் நேரம் எழுது" என்பதை எழுத முடியும்.

போன் பதிவைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். போன் மாற்றினால் போச்சு, அதுவும் நம் பையன்கள் வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறார்கள். போலீஸ் ரிப்போர்ட்டின் நகல், ரிப்போர்ட் எண், விசாரணை அதிகாரியின் பெயர், ஆஸ்பத்திரி அட்டை, கோர்ட்டில் தள்ளிவைத்த தேதிகள், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நீங்களே பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்காதீர்கள். "அவன் சொன்னான்" என்றால் அப்படியே எழுதுங்கள். அதிகாரியைக் குறிப்பிட வேண்டுமானால் பதவி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, இதோடு நிறுத்துங்கள். திட்டு வேண்டாம்.

இருநூறு கையெழுத்தைவிட நான்கு தனித்தனி வாக்குமூலத்துக்குக் கனம் அதிகம். முடிந்தால் அந்த நான்கையும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாணமாக, பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், இதைத்தான் வக்கீல்கள் எஸ்.டி. என்பார்கள். அதில் பொய் சொன்னால் குற்றம், அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்று பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிடாதீர்கள்.

மொழி. மகஜர் மலாயில் போகட்டும், தமிழில் எழுதிய மூலத்தைப் பின்னால் இணையுங்கள். மொழிபெயர்க்க ரிட்டயரான ஆசிரியரைத்தான் எல்லாரும் தேடுவார்கள், தப்பில்லை, ஆனால் அவர் "பல்லின மக்கள் ஒற்றுமையாக வாழும் இத்திருநாட்டில்" என்று ஒரு பத்தி முன்னால் சேர்ப்பார், அதை நைசாக எடுத்துவிடுங்கள். நான் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுப்பேன். அவர்களுக்கு அலங்காரம் தெரியாது, அதுவே பெரிய உதவி.

மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஆணையத்துக்கு, ஒன்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. மூன்றாவதில் "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப்பும் தேதியும் குத்தி வாங்கிக்கொண்டுதான் கவுண்டரை விட்டு நகர வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் வந்து சேர்ந்தது என்று பதில் கேட்டு வாங்குங்கள்.

பேசக் கூப்பிட்டால்

ரஜூலா கப்பலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். முதல் வாக்கியத்திலேயே என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், கதை அப்புறம். தமிழில் பேசப் போகிறீர்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினால் யாராக இருந்தாலும் ஒரு வரியில்தான் மொழிபெயர்ப்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் மகனுடைய கேஸ் இன்னும் கோர்ட்டில் இருக்கிறதென்றால் வக்கீலைக் கேட்காமல் எங்கேயும் வாயைத் திறக்காதீர்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, கைதான நேரத்திலும் ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் வருவார்கள்.

அறிக்கை வந்த பிறகு

பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அறிக்கை மாமன்னரிடம் போகும், வெளியிடுவதும் உள்ளே பூட்டி வைப்பதும் அரசாங்கத்தின் கையில். ரகசியம் என்று முத்திரை விழுந்தால் 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் வந்து நிற்கும், அப்புறம் வாட்ஸ்அப்பில் யாராவது பிடிஎஃப் அனுப்பினால் அதை மேலும் பத்துக் குழுவுக்குத் தள்ளிவிடும் வேலை வேண்டாம். வெளியிட்டார்கள் என்றால் சும்மா விடாதீர்கள், பரிந்துரைப் பட்டியலை மட்டுமாவது படியுங்கள்.

போலீஸ் ஆணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் முன்னாள் தலைமை நீதிபதி டுன் முகமட் ஜைடின் தலைமையில் உட்கார்ந்து, 2005-ல் 125 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது, மக்களுக்கும் கிடைத்தது. தலையான பரிந்துரை போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்காமல் தனி ஆணையம் விசாரிக்க வேண்டும் என்பது, ஐ.பி.சி.எம்.சி. என்று அப்போது எல்லார் வாயிலும் அடிபட்டது. மசோதாவைக்கூட அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் நடந்தது? 2009-ல் எல்லா அமலாக்கத் துறைகளுக்கும் பொதுவாக வேறொரு ஆணையத்துக்குச் சட்டம், 2019-ல் மறுபடி ஐ.பி.சி.எம்.சி. மசோதா, ஆட்சி மாற்றம், இன்னொரு மசோதா, கடைசியில் 2022-ல் ஐ.பி.சி.சி. (சுதந்திரமான போலீஸ் நடத்தை ஆணையம்) சட்டம் நிறைவேறி 2023 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. 2005-ல் பிறந்த குழந்தை அதற்குள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதி முடித்துவிட்டது. வந்ததும் முழுசாக வரவில்லை. ஐ.பி.சி.சி. விசாரிக்கலாம், ஆனால் தண்டிக்க முடியாது, முடிவை ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர்களிடம் அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் போலீஸ் மேல் புகார் என்றால் இப்போது அங்கேயும் ஒரு நகல் போக வேண்டும்.

அதே காலத்தில் பெரிய தலைப்பு எதுவும் இல்லாமல் இன்னொன்று நடந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஒன்று எடுத்து, மக்கள் கருத்தையும் கேட்டு, 2006-ல் திருத்தம் நிறைவேறி 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதில் இரண்டு பிரிவுகளை நான் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். 28ஏ: பிடித்தால் எதற்குப் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தான் இருக்கும் இடத்தைச் சொல்லவும் வக்கீலைக் கூப்பிடவும் விட வேண்டும். இதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது, குறிப்பிட்ட பதவிக்குக் குறையாத அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 107ஏ: நீங்கள் போட்ட ரிப்போர்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

எங்கள் தாமானில் ஓர் அக்காவின் மோட்டார் திருடு போனது. ஆறு வாரமாக நிலையத்துக்கு நடந்தார், கவுண்டரில் ஒவ்வொரு தடவையும் ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) வெளியே போயிருக்கிறார் என்ற ஒரே பதில்தான். ஒரு ஏ-4 தாளில் பெயர், ஐசி எண், ரிப்போர்ட் எண், தேதி போட்டு, "செக்ஷென் 107ஏ, கானூன் தாத்தாச்சாரா ஜெனாயா" என்று தலைப்பிட்டு மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நிலையத் தலைவருக்கு என்று கொடுத்து நகலில் சாப் வாங்கி வந்தார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "மாசே டாலாம் சியாசாத்தான்", இன்னும் விசாரணையில் இருக்கிறது, ஒரே வரி. மோட்டார் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஒரு வரியைக்கூட யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை, அடுத்த கடிதத்தை அந்தப் பதிலின் எண்ணைப் போட்டே ஆரம்பித்தோம்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா, உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். 1970-களின் தொடக்கத்தில் இஸ்லாமியர் அல்லாதவர்களின் கல்யாணம், விவாகரத்துச் சட்டங்களைப் பற்றி ஓர் அரச ஆணையம் விசாரித்தது. அதன் வழியாக வந்ததுதான் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், 1982 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. என் அத்தைமார் இருவர். மூத்தவருக்கு 1979-ல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம், பந்தல், பறைமேளம், கிராணிக்கு ஒரு தட்டு வெற்றிலை, எந்தச் சான்றிதழும் இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் வழக்கப்படி செய்த கல்யாணத்தைச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொள்கிறது, அவருக்குப் பிரச்சினை வரவில்லை. இளையவருக்கு 1986-ல் அதே கோயில், அதே பூசாரி, அதே மேளம். பதிவு செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. மாமா இறந்து இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்துக்குப் போனபோது கல்யாணம் நடந்ததா என்பதே கேள்வியாகிவிட்டது, கையில் தாலியும் மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்தார். ஆணையம் கருத்துக் கேட்ட காலத்தில், தோட்டத்தில் கல்யாணம் எப்படி நடக்கிறது, பதிவு அலுவலகம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, ஒரு நாள் சம்பளம் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்திலிருந்து யாராவது எழுதினார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. (இப்போது பல கோயில்களில் துணைப் பதிவதிகாரி இருக்கிறார், கல்யாண மண்டபம் புக் பண்ணும் அன்றே கேட்டுவிடுங்கள்.)

ஆணையம் எதுவும் இல்லாத காலத்தில்

பெரும்பாலும் அதுதான் நிலைமை. மற்ற சில நாடுகளில் இருப்பதுபோல சட்டச் சீர்திருத்தத்துக்கென்றே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் சுதந்திரமான ஆணையம் நம்மிடம் இல்லை, ஏதாவது வெடித்தால்தான் ஒன்று வைக்கிறார்கள். 2007-ல் நீதிபதி நியமனத்தைப் பற்றி ஒரு வக்கீல் போனில் பேசுவதாக வீடியோ வெளியாகி, அரச ஆணையம் உட்கார்ந்து, 2009-ல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்ததும் அப்படித்தான்.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. புதிய சட்டம், திருத்தம் என்று அமைச்சுகள் கருத்துக் கேட்கும்போது யு.பி.சி. என்ற இணையத்தளத்தில் போடுகிறார்கள், மாதம் ஒரு தடவை பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாடாளுமன்றத் தேர்வுக் குழுக்களுக்கு எழுதலாம். எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி உங்கள் ஒய்.பி. தான், அதாவது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். அவரைத் தீபாவளி அரிசி கொடுக்க மட்டும் கூப்பிடாமல், "இன்ன அறிக்கையின் இன்ன எண் பரிந்துரை எந்த நிலையில் இருக்கிறது" என்று நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வ பதில் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் பதில் தர வேண்டும், அது அச்சில் நிற்கும். கேள்வியை நீங்களே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவருடைய உதவியாளருக்கும் வேலை மிச்சம்.

அப்புறம் அந்த ஒட்டுக்கடை. போன வருடம் கடைக்காரரிடம் ஒரு புதிய 555 புத்தகம் (கடன் எழுதும் சின்ன நோட்டு) வாங்கி வைக்கச் சொன்னேன். முன்பக்கத்திலிருந்து அவருடைய கடன் கணக்கு, பின்பக்கத்திலிருந்து எங்கள் கணக்கு: தேதி, நேரம், யாரைப் பிடித்தார்கள், எத்தனை மணிக்குக் குடும்பத்துக்குத் தெரிந்தது, கேஸ் எந்தத் தேதிக்குத் தள்ளிப் போனது. பேசுபவர் பேசி முடித்ததும் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்துவேன். சிலர் தே தாரிக்குக்குக் காசு கொடுக்காமல் ஓடுவதைவிட வேகமாக ஓடினார்கள். இப்போது பின்பக்கத்தில் பதினேழு பக்கம் நிறைந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் கடன் கணக்கில் போய் முட்டும், கடைக்காரர் இரண்டாவது புத்தகம் என் செலவு என்கிறார்.